மினிக்யூபா, கைண்டா, கே3டியா?

லேப்டாப்பில் குபர்நெட்டிஸ் ஓட்ட எதை நிறுவலாம் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த கிளஸ்டரை எத்தனை முறை அழித்து மறுபடி எழுப்பப்போகிறீர்கள்?

ஒருமுறை நிறுவி, அதிலேயே மாதக்கணக்கில் பழகப்போகிறவருக்கு மினிக்யூப். 2016 முதல் குபர்நெட்டிஸ் திட்டத்துக்குள்ளேயே வளர்ந்து வருவது. விர்ச்சுவல் மெஷினிலும் ஓடும், டாக்கரிலும் ஓடும். 2 சிபியு, 2 ஜிபி காலி மெமரி, 20 ஜிபி டிஸ்க் இருந்தால் தொடங்கலாம். டாஷ்போர்டு, இன்கிரஸ் போன்றவை ஒவ்வொன்றும் ஒரே கட்டளையில் வந்துவிடும். புதியவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சோதனைக்கென்றால் யோசிக்காமல் கைண்ட். குபர்நெட்டிஸையே சோதிப்பதற்காக உருவானது இது. இதில் ஒவ்வொரு நோடும் ஒரு டாக்கர் கண்டெய்னர். சில வரி யாமலில் ஒரு கண்ட்ரோல் பிளேன், இரண்டு வொர்க்கர் என்று எழுதினால் அப்படியே எழும்பும். நோட் இமேஜை மாற்றினால் புரொடக்‌ஷனில் ஓடும் அதே குபர்நெட்டிஸ் வெர்ஷன் கிடைக்கும். சிஐ பைப்லைனில் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் புதிய கிளஸ்டர் எழுப்பி, சோதித்து, அழித்துவிடலாம். மிச்சம் மீதி எதுவும் ஒட்டாது.

ஆனால் கைண்டில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லேப்டாப்பில் பில்ட் செய்த இமேஜ் அந்த நோடுகளுக்குத் தானாகத் தெரியாது. ‘கைண்ட் லோட்’ கட்டளையால் உள்ளே ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் பாட் ‘இமேஜ்புல்பேக்ஆஃப்’ என்று நிற்கிறதா? டேகைப் பாருங்கள். ‘லேட்டஸ்ட்’ என்றிருந்தால், வேறு சொல்லாதவரை குபர்நெட்டிஸ் ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்ட்ரியைத்தான் தேடிப்போகும். தனி டேக் வையுங்கள், சரியாகிவிடும். போர்ட் மேப்பிங்கையும் கிளஸ்டரை உருவாக்கும்போதே எழுதிவிடுங்கள், பிறகு சேர்க்க முடியாது.

8 ஜிபி லேப்டாப்பில் பிரவுசரும் எடிட்டரும் திறந்தபடி வேலை செய்பவருக்கு கே3டி. ரான்ச்சர் 2019இல் வெளியிட்ட கே3எஸ்-ஐ டாக்கருக்குள் ஓட்டுவது இது. ஒற்றை சர்வரில் எட்சிடிக்குப் பதில் எடை குறைந்த எஸ்க்யூலைட், கூடவே டிராஃபிக் (Traefik) என்ற இன்கிரஸும் லோட் பேலன்சரும். புரொடக்‌ஷனில் வேறு இன்கிரஸ் என்றால் டிராஃபிக்கை முதலிலேயே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இங்கே வேலை செய்த விதி அங்கே படுத்துவிடும்.

டாக்கர் டெஸ்க்டாப் ஏற்கெனவே இருந்தால் அதன் செட்டிங்கிலேயே குபர்நெட்டிஸ் உண்டு; பெரிய நிறுவனங்களுக்குக் கட்டண லைசென்ஸ் வேண்டும். உபுண்டுக்காரர்களுக்கு மைக்ரோகே8எஸ்.

இவை எதிலும் வேகத்தை அளக்காதீர்கள். மூன்று நோடு எழுப்பினாலும் அவை ஒரே மெஷினின் சிபியுவைத்தான் பங்கு போடுகின்றன. கிளவுட் டிஸ்க், ஐஏஎம் அனுமதிகளுக்கும் உண்மையான ஸ்டேஜிங் கிளஸ்டர்தான் வேண்டும்.

எதை எடுத்தாலும், ‘டிலீட்’ தட்டும் முன் க்யூப்சிடிஎல் எந்த கான்டெக்ஸ்டில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். லோக்கலும் புரொடக்‌ஷனும் பெரும்பாலும் ஒரே கான்ஃபிக் ஃபைலில்தான் இருக்கும்.