தொல்லை அழைப்பு: ஐந்து வீட்டுப் புகார் போதும்

"சார், திருமழிசையில ப்ளாட் இருக்கு. சிஎம்டிஏ அப்ரூவல், பூந்தமல்லி மெட்ரோவுக்குப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்க நாங்களே கார் அனுப்புறோம்." வேண்டாம் என்று வைத்த அரை மணியில் வேறு நம்பரிலிருந்து பர்சனல் லோன். சாயங்காலம் கிரெடிட் கார்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புதுப்புது மனைப்பிரிவுகள் முளைக்கும் பகுதி இது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். அவர்கள் கையில் பணம் இருக்கும் என்று கணக்குப் போட்டு அழைப்பவர்களும் உண்டு.

இந்தத் தொல்லையை நிறுத்த நாட்டில் விதி இருக்கிறது. ஆனால் யாராவது புகார் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். நம்மைப் புகார் கொடுக்கவிடாமல் தடுப்பவை நமக்குள் புழங்கும் சில தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: "போன்ல பேசுறதுக்கெல்லாம் சட்டம் ஏது?"

உண்மை: சட்டம் வந்து பல வருடமாகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007இலேயே "என்னை அழைக்காதீர்கள்" என்று பதிவு செய்யும் டிஎன்டி வசதியைக் கொண்டுவந்தது. 2010 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி முக்கியமான கூட்டத்தில் இருந்தபோது, வீட்டுக் கடன் வேண்டுமா என்று அவருக்கே அழைப்பு வந்தது. நாடு முழுக்க அது செய்தியானது. அந்த ஆண்டு டிசம்பரில் புதிய ஒழுங்குமுறை வெளியானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2018இல் வந்து, 2025 பிப்ரவரியில் மேலும் இறுக்கப்பட்ட விதி. அதன்படி விளம்பர அழைப்பு 140இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். நீங்களும் நானும் வைத்திருப்பது போன்ற சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து மனையோ கடனோ விற்பது விதிமீறல்.

நம்பிக்கை: "டிஎன்டி போட்டா ஓடிபி, பேங்க் மெசேஜ் எல்லாம் நின்னுடும்."

உண்மை: நிற்காது. இந்தப் பயத்தாலேயே பெரியவர்கள் பலர் டிஎன்டி பக்கமே போவதில்லை. தடுக்கப்படுவது விளம்பரம் மட்டுமே. ஓடிபி, பணம் எடுத்த தகவல், கேஸ் சிலிண்டர் புக்கிங் தகவல் போன்றவை வழக்கம்போல வரும். பதிவு செய்ய 1909க்கு போன் செய்யலாம். அல்லது ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 0 போட்டு அதே எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். எல்லாவற்றையும் தடுக்க விருப்பமில்லை என்றால் வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, உடல்நலம், சுற்றுலா என வகை பிரித்தும் தடுக்கலாம். பதிவு என்பது எண்ணுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அப்பா போனில் போட்டது அம்மா போனைக் காப்பாற்றாது. வீட்டிலுள்ள ஒவ்வொரு எண்ணையும், லேண்ட்லைன் உட்பட, தனித்தனியாகப் பதிய வேண்டும்.

நம்பிக்கை: "டிஎன்டி போட்டும் கால் வருது. அப்ப அது வெறும் கண்துடைப்பு."

உண்மை: முறையாகப் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்தும் நிறுவனங்களை டிஎன்டி தடுக்கிறது. பதிவே செய்யாமல், கடையில் வாங்கிய சிம்மைப் போட்டு அழைப்பவர்கள் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில்லை. நம் பகுதியில் வரும் பத்து இலக்க எண் அழைப்புகள் இந்த ரகம்தான். இவர்களை நிறுத்தும் வழி புகார் ஒன்றே. 2025 திருத்தத்துக்குப் பிறகு, டிஎன்டியில் பதியாதவர்கூட இவர்கள் மேல் புகார் கொடுக்க முடியும்.

நம்பிக்கை: "பிளாக் பண்ணிட்டேன், முடிஞ்சது."

உண்மை: பிளாக் செய்தால் அந்த எண் உங்கள் போனில் மட்டும் அடிக்காது. அடுத்த வீட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். உங்களையும் நாளைக்கு வேறு சிம்மில் அழைப்பார்கள். எனவே முதலில் புகார், பிறகு பிளாக். அழைப்பு வந்த போனிலிருந்தே 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். என்ன விற்றார்கள் என்று ஒரு வரி, அழைத்த எண், அழைத்த தேதி என்ற மூன்றும் இருந்தால் போதும். டிராயின் டிஎன்டி செயலியிலும் இதைச் செய்யலாம். முன்பு மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது ஏழு நாள் அவகாசம் இருக்கிறது.

நம்பிக்கை: "ஒருத்தர் புகார் குடுத்து என்ன ஆகப் போகுது?"

உண்மை: ஒருவரால் ஆவது குறைவுதான். ஆனால் ஐந்து பேரால் நிறைய ஆகும். ஓர் அழைப்பாளர் மேல் ஏழு நாளில் பத்துப் புகார் வந்தால்தான் நடவடிக்கை என்பது பழைய கணக்கு. 2025இல் அது பத்து நாளில் ஐந்து புகார் என்று மாறியது. நடவடிக்கைக்கான கெடுவும் முப்பது நாளிலிருந்து ஐந்து நாளாகக் குறைந்தது. முதல் முறை என்றால் அந்த அழைப்பாளரின் இணைப்புகளிலிருந்து பதினைந்து நாள் வெளியே அழைக்க முடியாது. மறுபடி மாட்டினால் எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும்.

புகார்கள் காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. பழைய கணக்கு இருந்தபோதே நடந்ததைப் பாருங்கள். 2024இன் முதல் ஆறு மாதத்தில் பதிவில்லாத அழைப்பாளர்கள் மேல் நாடு முழுக்க 7.9 லட்சத்துக்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. அந்த ஆகஸ்டில் டிராய் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கடுமையான உத்தரவு போட்டது. சில வாரங்களில் 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தன. புகார் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு நிமிடம் ஒதுக்கிய மக்களால் நடந்தது இது.

மனை விற்பவர் ஒரு தெருவையே வரிசையாக அழைக்கிறார். அந்தத் தெருவில் ஐந்து வீட்டார் அவரவர் போனிலிருந்து புகார் அனுப்பினாலே நடவடிக்கைக்கான எண்ணிக்கை நிறைந்துவிடும்.

நம்பிக்கை: "140 நம்பரை எடுத்தாலே அக்கவுன்ட்ல இருக்கிற பணம் போயிடும்."

உண்மை: 2020 ஜூலையில் மும்பையில் இந்த வதந்தி கிளம்பி வாட்ஸ்அப் வழியாக நாடெங்கும் பரவியது. மகாராஷ்டிர சைபர் போலீசாரே, 140 என்பது டெலிமார்க்கெட்டிங்குக்கு ஒதுக்கிய எண், அழைப்பை எடுப்பதால் மட்டும் பணம் போகாது என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பணம் போவது நாம் ஓடிபி சொல்லும்போது, கார்டு விவரம் கொடுக்கும்போது, அவர்கள் அனுப்பும் செயலியை போனில் ஏற்றும்போது. 140 விளம்பரத்துக்கு என்றால், வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. "பேங்க்லேர்ந்து பேசுறேன்" என்று ஒருவர் சாதாரண மொபைல் எண்ணிலிருந்து சொன்னால் உடனே சந்தேகப்படுங்கள். 1600 எண்ணிலிருந்தே வந்தாலும் ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது.

நம்பிக்கை: "நாலு வார்த்தை நல்லா திட்டினாத்தான் அடங்குவாங்க."

உண்மை: எதிர்முனையில் பேசுவது பெரும்பாலும் ஒரு நாளைக்கு இத்தனை கால் என்று டார்கெட் வைத்து உட்கார்த்தப்பட்ட பையனோ பெண்ணோதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே கால் சென்டர்கள் இருக்கின்றன; நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். திட்டு அந்தப் பிள்ளைக்கு வலிக்கும், அழைக்கச் சொன்ன முதலாளி காதில் விழாது. அவரைத் தொடுவது இணைப்பு துண்டிக்கப்படுவதுதான். அதனால் குரலை உயர்த்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நிறுவனம்? என் நம்பர் எப்படிக் கிடைத்தது? மனை என்றால், ரெரா பதிவு எண் என்ன? ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விற்பது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதே தவறு. தரகருக்கும் தனிப் பதிவு வேண்டும். பதில் வராத இடத்தில் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதும் உங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

நம்பிக்கை: "நம்ம நம்பரை யாரோ திருடி வித்துட்டாங்க."

உண்மை: அப்படியும் நடக்கிறது. ஆனால் பல நேரம் நாமே எழுதிக் கொடுத்ததுதான். பொருட்காட்சியில் பரிசுக் கூப்பன், ஜவுளிக்கடை பில் கவுன்டர், கடன் கிடைக்குமா என்று பார்த்த இணையதளம் என்று எத்தனையோ வழி. பில் போட மொபைல் எண் கட்டாயமில்லை. வாடிக்கையாளரிடம் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. "நம்பர் இல்லாம பில் போடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "போலீஸ், டிராய்னு சொன்னா பேசித்தான் ஆகணும்."

உண்மை: இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உங்கள் சிம்மை இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப் போகிறோம், 9ஐ அழுத்துங்கள் என்று டிராய் யாரையும் அழைப்பதில்லை. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. வீடியோ காலில் உட்கார வைத்துப் பணம் கேட்கும் அதிகாரி எந்தத் துறையிலும் இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்: "பயமா இருந்தா போனை வெச்சுட்டு எங்களைக் கூப்பிடுங்க." இப்படிப்பட்ட அழைப்பு வந்து பணம் போகவில்லை என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவியுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. அதன் பிறகு காவல் நிலையம் போகலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன.

நலச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் லாரிக்கும் குப்பை வண்டிக்கும் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போடுகிறோம். தொல்லை கொடுத்த எண்ணையும் அதில் போடுவோம். அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தவர்கள் அவரவர் போனிலிருந்து ஏழு நாளுக்குள் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பட்டும். அனுப்பத் தெரியாத பெரியவருக்குப் பக்கத்து வீட்டார் உதவட்டும். விதி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. அதை வேலை செய்ய வைக்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.