ஆராய்ச்சி மணியும் வாயில்லாச் சீவன்களும்

விநாயகப் பெருமானுக்கு மூஷிகம், முருகப் பெருமானுக்கு மயில், சிவபெருமானுக்கு இடபம் என ஒவ்வொரு மூர்த்தியோடும் ஒரு சீவனையும் சேர்த்து வைத்து வழிபடுவது சைவ மக்களின் மரபாகும். ஆயினும் அச்சீவன்களுக்கு மனிதர் செய்ய வேண்டியது யாது என்று கேட்டால், "இரக்கம் காட்ட வேண்டும்" என்ற ஒரே விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இரக்கம் மட்டும் போதுமா, நீதியும் வேண்டுமா என்பது சிந்திக்கத் தக்கது.

இரக்கம் என்பது கொடுப்பவரின் விருப்பம். இன்று கொடுக்கலாம், நாளை மறுக்கலாம். நீதியோ அத்தகையதன்று. அது பெறுபவருக்கு உரியது, மறுத்தால் குற்றமாகும்.

இந்த வேறுபாட்டை விளக்க மனுநீதிச் சோழன் வரலாற்றை விடச் சிறந்த சான்று வேறில்லை. திருவாரூரில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் இதனைக் கூறுகின்றது. அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசாண்ட எல்லாளன்மீது ஏற்றி மகாவம்சமும் இதே வரலாற்றைக் கூறுகின்றது. பௌத்த பிக்குகள் எழுதிய நூல் ஒரு தமிழ் மன்னனின் நீதியைப் போற்றுவது கவனிக்கத் தக்கது. இரு நூல்களிலும் கன்றை இழந்த பசு மணியை அடிக்கின்றது. அது புல்லுக்கோ தண்ணீருக்கோ வரவில்லை, முறையிட வந்தது. அரசனும் ஆறுதல் கூறி அனுப்பவில்லை. வழக்கை விசாரித்து, தன் மகனுக்கே தண்டனை விதித்தான். அங்கே பசு ஒரு வழக்காளியாக ஏற்கப்பட்டது.

மகாவம்சம் மற்றுமொரு சம்பவத்தையும் கூறுகின்றது. பனைமரத்தில் இருந்த குஞ்சு ஒன்றைப் பாம்பு விழுங்கிவிட, தாய்ப்பறவை வந்து மணியை அடித்தது. எல்லாளன் பாம்பைப் பிடித்து வரச் செய்து, வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பைப் பனையில் தொங்கவிட்டான். இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. இரை தேடுவது பாம்பின் இயல்பு. அதற்குத் தண்டனை தகுமா? விலங்குகளுக்கு உரிமை உண்டு என்பதை மறுப்போர் கேட்பதும் இதுவே. கடமையை அறியாத உயிருக்கு உரிமை எப்படி வரும் என்பது அவர்கள் வாதம்.

இதற்கு விடை உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் கடமை தெரியாது. அதற்காக அதனைத் துன்புறுத்தலாம் என்று எவரும் சொல்வதில்லை. பாம்புக்கு நன்மை தீமை தெரியாது. தேர் ஓட்டிய இளவரசனுக்குத் தெரியும். ஆகவே உரிமை நோவை உணரும் எல்லா உயிர்க்கும் உரியது. கடமையோ அறிவுடைய மனிதனுக்கே உரியது.

இனி நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். இலங்கையில் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அது விதித்த தண்டம் கூடியது 100 ரூபா. அன்று அது பெருந்தொகை. நூறாண்டுகள் கழித்து அது ஒரு தண்டனையாகவே தோன்றாது. இந்தியாவில் 2014 மே 7ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. பசி, தாகம், அச்சம், நோவு ஆகியவற்றிலிருந்து விடுபடவும் தம் இயல்புப்படி வாழவும் விலங்குகளுக்கு உரிமை உண்டு என்றும் கூறியது. 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தத்தை 2023 மே 18ஆம் திகதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்றுக்கொண்டது. விலங்குகளுக்கு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளை வழங்க முன்னுதாரணம் இல்லை என்றும் அவ்வமர்வு கூறியது. கற்றறிந்த நீதிபதிகளிடையேயும் இவ்விடயத்தில் ஒருமித்த கருத்து இல்லை என்பதை இது காட்டும்.

ஆலயங்களைப் பொறுத்தவரை இப்பிரச்சினை வேள்வி என்ற வடிவில் வருகின்றது. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் காலத்திலேயே கோயில்களில் உயிர்ப்பலியிடுவதைக் கண்டித்தார். 2011இல் முன்னேஸ்வரம் பத்திரகாளி அம்மன் ஆலயப் பலி நாடெங்கும் சர்ச்சைக்குள்ளானது. 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்துத் தீர்ப்பளித்தது. 2018 செப்டெம்பரில் இந்து ஆலயங்களில் பலியைத் தடைசெய்யும் சட்டத்திற்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. ஆயினும் விவாதம் ஓயவில்லை.

வேள்வியை ஆதரிப்போரின் வாதத்தைத் தள்ளிவிடலாகாது. "இறைச்சிக்கடையில் நாள்தோறும் ஆடு வெட்டப்படுகின்றது. அதைக் கேட்காதவர்கள், ஆண்டுக்கொருமுறை குலதெய்வத்திற்குக் கிடாய் வெட்டும் ஏழை அடியாரை மட்டும் ஏன் கேட்கின்றார்கள்?" என்பது அவர்கள் கேள்வி. இது நியாயமான கேள்வியே. ஆனால் இது வேள்வியை நியாயப்படுத்தவில்லை. இறைச்சி உண்டுகொண்டே வேள்வியை இகழ்பவரையும் சேர்த்துக் குற்றக் கூண்டில் ஏற்றுகின்றது, அவ்வளவே.

அடியார்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைக்குச் சுகமானால் கிடாய் தருவேன் என்று நேர்ந்தவர் தாய் தந்தையர். சுகம் பெற்றது பிள்ளை. உயிரைக் கொடுப்பதோ அந்த நேர்த்தியில் எவ்விதப் பங்கும் இல்லாத கிடாய். ஒருவர் பட்ட கடனை மற்றொருவர் தலையில் கட்டுவதை எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளாது. அம்மாள் சந்நிதானத்தில் மட்டும் அது எப்படி நீதியாகும்? நேர்ந்தவர் தம் உழைப்பில் அன்னதானம் செய்யலாம், விரதம் இருக்கலாம், பாற்குடம் எடுக்கலாம். அப்போது கடன் பட்டவரே கடனை அடைத்தவராவார்.

இது வேள்வி நடக்கும் ஊர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை 1936ஆம் ஆண்டு அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. ஆலயம் தொழுதுவிட்டுப் பிள்ளைகளுடன் அங்கே செல்லும் குடும்பங்கள் பல. வேளைக்கு உணவு கொடுப்பது இரக்கம். நடமாட இடம் கொடுப்பது நீதி. 2015இல் பின்னவலையில் திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலையும், 2016இல் ரிதியகமவில் சஃபாரி பூங்காவும் திறக்கப்பட்டமை இத்திசையில் வைத்த அடிகளாகும். கூண்டின் முன்னே பிள்ளை நிற்கும்போது, "இந்த மிருகத்திற்கு என்ன தேவை?" என்று பெற்றோர் ஒரு வார்த்தை கேட்டால், அது நூறு பிரசங்கங்களுக்குச் சமமாகும்.

அநுராதபுரத்தில் மணி இருந்தது. பசு தானே வந்து அடித்தது. இன்று அரண்மனையும் இல்லை, ஆராய்ச்சி மணியும் இல்லை. வாயில்லாச் சீவனின் முறைப்பாட்டை மனிதரே எடுத்துரைக்க வேண்டியுள்ளது. ஆலயத்தில் மணியடித்து வழிபடும் அடியார்கள் அக்கடமையையும் ஏற்று நடப்பார்களாக.