விமானம் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத சுழல்

இரவு நேரத்தில் சாங்கி கடற்கரையில் நின்று வானத்தைப் பாருங்கள். தரையிறங்க வரும் விமானங்களின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். சற்று நேரம் கவனித்தால், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி ஒரே அளவாக இல்லை என்பது தெரியும். மிகப் பெரிய விமானத்துக்குப் பின்னால் சிறிய விமானம் வரும்போது இடைவெளி கூடுகிறது. மோதலைத் தவிர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், எல்லா விமானங்களுக்கும் ஒரே இடைவெளி போதுமே! பிறகு ஏன் இந்த வேறுபாடு? காரணம், முன்னால் செல்லும் விமானம் காற்றில் விட்டுச்செல்லும் சுழல்.

சுழல் எப்படி உருவாகிறது?

பறக்கும் விமானத்தின் இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. இந்த வேறுபாடுதான் விமானத்தைத் தாங்கும் தூக்குவிசையைத் தருகிறது. அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குக் காற்று செல்லும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இறக்கையின் நுனியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. எனவே, கீழே உள்ள காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறிச் சுழலத் தொடங்குகிறது.

பின்னாலிருந்து பார்த்தால், இடது இறக்கையின் சுழல் கடிகார முள் திசையிலும் வலது இறக்கையின் சுழல் அதற்கு எதிர்த் திசையிலும் சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று கீழே தள்ளுவதால், இந்தச் சுழல் இணை நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் கீழிறங்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சிறிது மிளகுத்தூள் தூவுங்கள். ஒரு கரண்டியைப் பாதியளவு நீரில் அமிழ்த்தி, நேராக இழுத்து வெளியே எடுங்கள். எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு சுழல்களைக் காண்பீர்கள். கரண்டி போன பிறகும் அவை சற்று நேரம் நிலைத்திருக்கும்.

எந்த விமானத்தின் சுழல் வலிமையானது?

விமானத்தின் எடை கூடினால் சுழலின் வலிமையும் கூடும். வேகம் குறைந்தாலும் வலிமை கூடும். மெதுவாகச் செல்லும் விமானம் ஒரு விநாடியில் குறைந்த அளவு காற்றையே சந்திக்கிறது. அதே எடையைத் தாங்க, அந்தக் காற்றை அது இன்னும் பலமாகக் கீழே தள்ள வேண்டும். இது நியூட்டனின் மூன்றாம் விதி. தரையிறங்கும் விமானம் மெதுவாக வருகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தரைக்கு அருகே ஏன் ஆபத்து?

உயரத்தில் சுழல்கள் கீழே இறங்கிவிடுவதால், அதே பாதையில் பின்தொடரும் விமானம் பெரும்பாலும் அவற்றுக்கு மேலேயே பறக்கும். தரைக்கு அருகே சுழல்களுக்கு இறங்க இடமில்லை. அவை இருபுறமும் மெதுவாக, மணிக்கு சுமார் 4 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதே அளவு இளங்காற்று பக்கவாட்டில் வீசினால், ஒரு சுழல் நகர முடியாமல் ஓடுபாதையின் மேலேயே நின்றுவிடும். பலத்த காற்று சுழலை விரைவில் கலைத்துவிடும். ஆகவே, இந்த விஷயத்தில் பலத்த காற்றைவிட இளங்காற்றே அதிக ஆபத்தானது.

சுழலுக்குள் நுழையும் விமானம் ஒரு பக்கமாகப் புரளும். ஏ380 விமானத்தின் இறக்கை அகலம் ஏறத்தாழ 80 மீட்டர். ஏடிஆர் 72 விமானத்துக்கோ 27 மீட்டர்தான். சிறிய இறக்கை சுழலுக்குள் முழுமையாகச் சிக்கிக்கொள்ளலாம். உயரத்தில் என்றால் விமானி நிமிர்த்திவிடுவார். தரைக்கு அருகே அதற்கு நேரமும் இல்லை, உயரமும் இல்லை.

1972 தந்த பாடம்

1972 மே 30. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் வொர்த் நகரில், பயிற்சிக்காகப் பறந்த டெல்டா நிறுவனத்தின் டிசி-9 விமானம், அதைவிடப் பெரிய டிசி-10 விமானத்துக்குப் பின்னால் தரையிறங்க வந்தது. ஓடுபாதைக்கு மேலே வந்ததும் அது இருபுறமும் ஆடியது. பின்னர் வலப்பக்கமாக வேகமாகப் புரண்டு தரையில் மோதியது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

காற்றுக் கொந்தளிப்பு இருக்கலாம் என்று விமானிகள் எச்சரிக்கப்பட்டிருந்தனர். ஆனால், சுழல் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆபத்தானது என்று கணிக்க அவர்களிடம் போதிய தகவல் இல்லை என விசாரணை கண்டறிந்தது. ரேடார் வழிகாட்டுதலில் வந்த விமானங்களுக்குக் கிடைத்த இடைவெளிப் பாதுகாப்பு, கண்ணால் பார்த்துப் பறந்த விமானங்களுக்கு அன்று இல்லை. எச்சரிக்கை மட்டும் போதாது, அளவிட்ட இடைவெளி தேவை என்பதே அந்த விபத்து தந்த பாடம்.

இன்றைய விதி

அனைத்துலக விதிகள், புறப்படும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடையைக் கொண்டு விமானங்களை வகைப்படுத்துகின்றன. 7 டன் வரை இலகு ரகம்; 136 டன்னும் அதற்கு மேலும் கன ரகம்; இடைப்பட்டவை நடுத்தர ரகம். ஏ380 தனி வகை. கன ரக விமானத்துக்குப் பின்னால் வரும் நடுத்தர விமானம் குறைந்தது 9.3 கிலோமீட்டர் தள்ளி வர வேண்டும். ஏ380க்குப் பின்னால் என்றால் 13 கிலோமீட்டர். கன ரக விமானிகள் வானொலியில் தங்கள் அழைப்புப் பெயருடன் “ஹெவி” என்றும், ஏ380 விமானிகள் “சூப்பர்” என்றும் சேர்த்துச் சொல்வது இதற்காகத்தான்.

விநாடிக்கு 72 மீட்டர் வேகத்தில் வரும் விமானம் 9.3 கிலோமீட்டரைக் கடக்க 9,300 ÷ 72 = சுமார் 129 விநாடிகள் ஆகும். அதாவது, சுழல் வலுவிழக்க இரண்டு நிமிடத்துக்கும் சற்று அதிகமான அவகாசம் கிடைக்கிறது.

எதிர்க்காற்று பலமாக வீசும்போது விமானங்கள் தரையைப் பொறுத்து மெதுவாக நகர்வதால், அதே தூரத்தைக் கடக்கக் கூடுதல் நேரம் ஆகும். அதனால் ஒரு மணி நேரத்தில் இறங்கக்கூடிய விமானங்கள் குறையும். பலத்த காற்றில் சுழலும் விரைவில் கலைந்துவிடும் என்பதால், லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் 2015 முதல் தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொண்டு இடைவெளியைக் கணக்கிடுகிறது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. விநாடிக்கு 72 மீட்டர் வேகத்தில் 13 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

2. சக்கரங்கள் தரையைத் தொட்டு, இறக்கை எடையைத் தாங்குவது நின்றதும் சுழல் உருவாவதும் நின்றுவிடும். அப்படியானால், பெரிய விமானத்தைப் பின்தொடரும் சிறிய விமானத்தின் விமானி, அதன் பாதைக்கு மேலே பறப்பது நல்லதா, கீழே பறப்பது நல்லதா? பெரிய விமானம் தரையைத் தொட்ட இடத்துக்கு முன்பாக இறங்க வேண்டுமா, அதைத் தாண்டி இறங்க வேண்டுமா? காரணத்துடன் விளக்குங்கள்.