ஓட்டுநர் இல்லாத வண்டியில் எதை நம்பி ஏறுவது?

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்திருந்த என் தாயாரை சிட்னி மெட்ரோவில் அழைத்துச் சென்றேன். முன் பெட்டியில் ஓட்டுநர் அறையே இல்லை. "யாரை நம்பிப்பா ஏறுறது?" என்று நின்றுவிட்டார். "இது நம்ம தடா பக்கத்துல செஞ்ச வண்டிம்மா" என்றதும் ஏறினார். உண்மைதான். 2019 மே 26-இல் ஓடத் தொடங்கிய அந்த 22 வண்டிகளும் தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில், அல்ஸ்டாம் ஆலையில் உருவானவை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது. பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

இரும்பு தேயும், எத்தனை நாளில் தேயும் என்று கணக்கிடலாம். மென்பொருள் தேய்வதில்லை. அதில் உள்ள தவறு முதல் நாளே உள்ளே இருக்கிறது, தனக்கேற்ற சூழ்நிலை வரும்வரை காத்திருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் 1998 முதல் 2000 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ஐ.இ.சி. 61508 என்னும் தரநிலை இதற்காகவே நான்கு பாதுகாப்புப் படிகளை வகுத்தது. ஒரு படி ஏறினால் பத்து மடங்கு கண்டிப்பு. ரயிலுக்கென ஐரோப்பாவில் இ.என். 50128 வந்தது 2001-இல். 2023-இல் அதன் இடத்தை 50716 பிடித்தது.

நான்காம் படியில், ஆபத்தான தவறு நேரும் வாய்ப்பு மணிக்குப் பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பத்துக் கோடி மணி நேரம் என்றால் சுமார் 11,400 ஆண்டுகள்! யார் ஓட்டிப் பார்ப்பது? ஆகவே தரநிலை வண்டியைச் சோதிப்பதோடு நில்லாமல், அதைச் செய்தவர்கள் வேலை செய்த முறையையும் சோதிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. "வண்டி நிற்காமல் கதவு திறக்கக் கூடாது." எளிய விதிதானே? நிற்கிறது என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி பூஜ்யம் என்று சொல்லும். மழை நாளில் பலமாகப் பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி நின்றுவிடும். வண்டியோ ஈரத் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கருவி பொய் சொல்லவில்லை, நிரலும் சரிதான். அப்படியும் ஓடுகிற வண்டியில் கதவு திறக்க வழி இருக்கிறது. இதை முதலிலேயே யோசித்து எழுதி வைக்க வேண்டும். வேறோர் அச்சிலும் வேகத்தை அளக்க வேண்டும், அல்லது ராடார் பொருத்த வேண்டும். அந்த ஆபத்துக்கு எந்த வரி நிரல் பதில், எந்தச் சோதனை சாட்சி என்று காகிதத்தில் காட்ட வேண்டும். எழுதியவரே தம் நிரலைச் சரிபார்த்துக் கையெழுத்திட முடியாது. (காகித வேலை என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் சலித்துக்கொண்டவன்தான்.)

ஒன்றுக்கு இரண்டாகக் கணினி வைத்தால் போதாதா? போதாது. 1996 ஜூன் 4-இல் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பிச் சுமார் 40 நொடிகளில் சிதறியது. ஏரியான்-4க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண் தனக்கென ஒதுக்கிய இடத்தை மீறிவிட்டது. துணைக்கு இருந்த கருவியிலும் அதே நிரல். அதுவும் அதே காரணத்தால் செயலிழந்தது.

ரயிலுக்கு ஒரு வசதி உண்டு. எதிலாவது சந்தேகம் வந்தால் நின்றுவிடலாம். அவசர பிரேக்கைப் பிடிக்க மின்சாரம் தேவையில்லை. பிடிக்காமல் வைத்திருக்கத்தான் தேவை. கம்பி அறுந்தாலும் வண்டி நிற்கும்.

தாயாருக்கு இதை விளக்கியபோது, "அப்ப ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டு எங்க போய் நிக்கும்?" என்றார். தடாவுக்கு அந்தப் பக்கம் அதுதானே! 2010 டிசம்பர் 25-இல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-06 நிலை தவறியபோது தரையிலிருந்த பாதுகாப்பு அதிகாரி கட்டளை அனுப்பி, வங்கக் கடலுக்கு மேலேயே அதை வெடிக்கச் செய்தார். நிற்க முடியாத அதற்கு, ஆட்களற்ற கடல்தான் பாதுகாப்பான இடம்.