கடல் அன்னைக்குப் படைக்கும் காணிக்கை

பிறர் வழிபாட்டைப் புறத்தே நின்று நோக்குவார்க்கு அதன் புகையும் ஓசையும் புலனாகுமேயன்றிப் பொருள் புலனாவதில்லை. சீனரின் தாவோ நெறிக் கோயில்களைப் பற்றிக் கேள்வியுறும் நம்மவருட் பலர், 'தெய்வத்திற்குக் கைக்கூலி கொடுக்கும் பேதைமை' என அவற்றை எளிதில் இகழ்வர். ஒரு காலத்து யாமும் அங்ஙனமே கருதினோம். அக்கருத்துப் பொருந்துமோ என்பதை, மாட்சு என்னும் கடற்றெய்வத்தின் வழிபாடு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பூஜியன் கரையை அடுத்த மெய்ஜோ தீவில், கி. பி. 960-ல் பிறந்த லின் மோ என்னும் மகளே பின்னர்த் தெய்வமாயினாள் என்பது மரபு. புயலிற் சிக்கிய தன் குடும்பத்தாரைக் காக்க முயன்றவள் எனவும், 987-ல் மறைந்தாள் எனவும் கூறுப. மீனவர் குடிசையில் தொடங்கிய இவ்வழிபாடு அரண்மனையையும் எட்டியது; 1281-ல் குப்லாய் கான் அவளுக்கு வானுலகத் தேவி என்னும் பட்டம் அளித்தான். மூன்றாம் சந்திர மாதத்து இருபத்துமூன்றாம் நாள் அவள் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இனி வழிபடும் முறையை நோக்குவோம். பழம், மலர், தேநீர், ஆமை வடிவிற் செய்த செந்நிறப் பணியாரம், சிலவிடத்துப் பன்றி, கோழி, மீன் ஆகியன மேசைமேற் பரப்பப்படும். வழிபடுவோர் ஊதுவத்தி ஏற்றித் தம் பெயரும் இருப்பிடமும் குறையும் உரைப்பர். பின்னர்ப் பிறைவடிவான இரு மரத்துண்டுகளை நிலத்தில் இடுவர். அவற்றின் ஒருபுறம் தட்டை, மறுபுறம் குவிவு. ஒன்று தட்டையும் ஒன்று குவிவும் மேல்நோக்கின் தெய்வம் உடன்பட்டது; இரண்டும் தட்டையாயின் நகைத்தது; இரண்டும் குவிவாயின் மறுத்தது. தெய்வம் உண்டு முடித்ததோ என்பதையும் இவ்வாறே வினவுவர். உடன்பாடு கிடைத்தபின் பொற்றாளை எரிப்பர். பொன்னிறத் தாள் தேவர்க்கு; வெள்ளித் தாள் இறந்தோர்க்கு. படைத்த உணவோ வீணாவதில்லை; இல்லத்திற்குக் கொண்டுசென்று சுற்றத்தோடு உண்பர்.

தைவான் நாட்டுத் தாஜியா நகர்க் கோயிலில், தெய்வத்தின் பல்லக்குப் புறப்படும் நாளைக்கூட மனிதர் தாமே குறிப்பதில்லை. மரத்துண்டுகளை இட்டே அறிகின்றனர்.

இது கைக்கூலியோ? வேண்டியது கிடைப்பின் மீண்டும் வந்து காணிக்கை செலுத்துவோம் என நேர்ந்துகொள்வோர் அங்கு உளர். ஆதலின் பேரம் அறவே இல்லையென யாம் கூறோம். எனினும் கைக்கூலி கொடுப்போன் 'இல்லை' என்னும் விடையைப் பொறான். மாட்சுவின் முன் நிற்போன் அவ்விடைக்கும் இடம் விட்டே வினவுகின்றான். மறுப்புக்கு இடமுள்ள இடத்தில் வாணிகம் முற்றுப்பெறுவதில்லை. 2014-ல் தைப்பே நகரத்துச் சிங்தியன் கோயில் ஊதுவத்தியையும் படையல் மேசைகளையும் நீக்கியது. அதன் பின்னும் மக்கள் வெறுங்கையராய்க் குவித்து நின்று வேண்டினர். புகை நீங்கினும் வேண்டுதல் நீங்கவில்லையன்றோ?

தமிழ் பயில்வார் உவக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ தம் கடற்பயணங்களைக் காத்தவள் இத்தேவியே என 1431-ல் கல்லில் எழுதுவித்தார். அவரது பயணத்தின்போது இலங்கையில் வைக்கப்பெற்ற, 1409-ஆம் ஆண்டு பொறித்த கல் ஒன்று 1911-ல் காலி நகரிற் கிடைத்தது. அதிற் சீனப்பகுதி புத்தருக்கும், தமிழ்ப்பகுதி தேவந்துறைத் தெனாவரை நாயனார்க்கும், பாரசீகப்பகுதி இசுலாமிய நெறிக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. பிறர் கோயிலில் அவரவர் மொழியிலேயே காணிக்கை குறித்த அப்பண்பு எண்ணத்தக்கது.

யாம் கிறித்துவின் அடியார். எம் வழிபாடு வேறு. ஆயினும் கடலுக்குச் சென்ற மகன் மீள வேண்டுமெனக் கைகூப்பும் தாயின் அச்சம் எமக்கு வேறன்று. அதனை அறியாது நகைப்பது கல்விக்கும் அழகன்று, அன்புக்கும் அழகன்று.