தேங்கும் நீரும் கொசுவும்

தாமிரபரணிப் பாசனத்தைச் சார்ந்த நமது கிராமங்களில், கொசு என்றவுடன் யாவருக்கும் சாக்கடையே நினைவுக்கு வருகிறது. இது பாதி உண்மையே. சாக்கடை நீரில் பெருகும் கொசுவினால் பரவுவது யானைக்கால் நோய். ஆனால், 2012-ஆம் ஆண்டில், அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர் வட்டாரத்தை வாட்டி, உயிர்ச்சேதமும் விளைவித்த டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் குடிப்பதற்கென்று சேமித்து வைக்கும் தெளிந்த நீரே அதற்கு உகந்த இடம். அது கடிப்பதும் பகல் வேளையிலேயே.

குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத தெருக்களில் குடங்களும் தொட்டிகளும் நிறைந்திருப்பது இயல்பு. அதற்காக இல்லத்தரசியரைக் குறை கூறுதல் முறையன்று. முட்டையிலிருந்து கொசு பறந்து வெளிவர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. ஆகவே வாரம் ஒரு முறை நீரை வெளியேற்றி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேங்காய் நார் கொண்டு நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டைகள் ஈரமின்றிப் பல மாதங்கள் கிடந்தும், மறுபடி நீர் பட்டவுடன் பொரிக்கும் தன்மை வாய்ந்தவை. கழுவிய தொட்டியைத் துணியினால் இறுக மூடுக. கொட்டாங்கச்சி, பழைய டயர், ஆட்டுரல் குழி ஆகியவையும் கவனிக்கத்தக்கன.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பெரிதும் விரும்பிக் கேட்பது புகையடிக்கும் இயந்திரத்தையே. அது பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி நீரிலுள்ள புழுவைத் தொடுவதில்லை. ஊரார் கண்ணுக்குப் புலப்படுகிறது என்பதே அதன் பெருமை போலும்!

வயல்களிலும் இதே விதிதான். எந்நேரமும் நீரைக் கட்டி வைப்பதைக் காட்டிலும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது கொசுப்புழுக்களை அழிப்பதுடன் தண்ணீரையும் மிச்சப்படுத்தும். ஆகாயத்தாமரை மூடிய குளங்களிலோ காற்றும் வெளிச்சமும் குன்றி மீன்கள் மடிகின்றன. புழுவைத் தின்னும் மீன் அழிந்தபின் கொசுவுக்குத் தடையேது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் வெள்ளம் வடியாமல் நின்றதை நாம் மறக்கவில்லை. அத்தகைய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கக்கூடும். காலில் புண்ணுள்ளவர் வெறுங்காலுடன் இறங்கினால் எலிக்காய்ச்சல் பற்றும். வடிகால் ஓடைகளை ஐப்பசி மழைக்குக் காத்திராமல், புரட்டாசி முடிவதற்குள் தூர்வாரி முடித்தல் அவசியம்.