கூடார வண்டி

அமெரிக்க நாட்டின் வடபகுதியிலுள்ள மிச்சிகன் மாநிலத்தில் பனிக்காலம் நெடியது. நவம்பர்த் திங்களில் தொடங்கும் குளிர், மார்ச்சு கழியும் வரையிலும் மக்களை வீட்டினுள்ளேயே அடைத்து வைக்கிறது. ஆகவே, ஜூன் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டவுடன் மரநிழலையும் நீர்க்கரையையும் நாடிக் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிடுகின்றனர். பேருந்தளவு பெரிய வீட்டு வண்டிகளில் செல்வோர் உண்டு. அவை பெரும்பொருள் உடையார்க்கே உரியவை. கூடாரத்தைச் சுருட்டிக் காரில் இட்டுச் செல்வோரும் உண்டு. மழை பெய்தால் அவர்கள் பாடு திண்டாட்டந்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஒன்று இருக்கிறது. காரின் பின்னே, மார்பளவு உயரமுள்ள தட்டையான பெட்டி ஒன்று இரண்டு சக்கரங்களின்மீது உருண்டு வரும். தங்குமிடம் சேர்ந்ததும் அப்பெட்டியின் மூடியே கூரையாக மேலெழும். முன்னும் பின்னும் இரண்டு படுக்கைகள் மேசையின் இழுப்பறைபோல வெளியே நீளும். இடையிலே கித்தான் சுவர்கள் விரியும். சற்றுமுன் பெட்டியாக இருந்தது, அறுவர் உறங்கத்தக்க வீடாகிவிடும். அந்நாட்டார் இதனைப் 'பாப்-அப் கேம்பர்' என்பர். நாம் கூடார வண்டி என்று சொல்வோம்.

கூரையைத் தூக்குவதுதான் இவ்வண்டியின் உயிர்நாடி. வெளியே உள்ள ஒரு கைப்பிடியைச் சுழற்றினால், உள்ளே ஓடும் கம்பி வடம் நான்கு மூலைகளையும் ஒருசேர உயர்த்தும். இத்தகைய தூக்கும் பொறி ஒன்றை அமைத்தவர்களுள் இந்தியானா மாநிலத்து மிடில்பரி என்னும் ஊரினரான லாயிடு பான்டிராகர் என்பவரும் ஒருவர். அவர் 1968-இல் தம் பண்ணையிலிருந்த கோழிக் கொட்டில்களிலும் களஞ்சியத்திலும் வேலையைத் தொடங்கினார். அங்கே பிறந்த ஜேகோ என்னும் நிறுவனம் பின்னர்ப் பெரிதும் வளர்ந்தது. ஒரு சிறுவன்கூடச் சுழற்றத்தக்க கைப்பிடி ஒன்று, எத்தனையோ எளிய குடும்பங்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டது!

லான்சிங் நகரில் வாழும் என் நண்பர் ஒருவர், தம் மனைவி மக்களுடன் முதன்முதலாகக் கூடார வண்டி வாங்கியபோது நான் அவர்கள் வீட்டில் விருந்தினனாக இருந்தேன். புதியது வாங்க அவரிடம் பொருள் இல்லை. பழையது ஒன்றைப் பார்க்கச் சென்றோம். வண்டிக்குப் புத்தம்புது வண்ணம் பூசியிருந்தார்கள். நண்பர் அதில் மயங்கிவிட்டார். அவர் மனைவியோ வண்ணத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூரையை முழுதும் உயர்த்தச் சொல்லி உள்ளே ஏறினார்; தரையின் ஒவ்வொரு மூலையிலும் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். நீர் கசிந்து பலகை உளுத்திருந்தால் கால் மெத்தென்று அமிழும். பிறகு கதவை மூடிக்கொண்டு கித்தானை அண்ணாந்து நோக்கினார். ஓட்டை இருந்தால் பகல் வெளிச்சம் விண்மீன் போல அதன் வழியே தெரியுமல்லவா? இரண்டு இடங்களில் தெரிந்தது. அவை தைத்துவிடக்கூடிய சிறு துளைகளே.

இறுதியில் அவர் சக்கரத்தருகே குனிந்தார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டு, அது செய்யப்பட்ட வாரம், பின்னிரண்டு, ஆண்டு. 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது என்பது பொருள். கூடார வண்டி ஆண்டில் சில நாள்களே ஓடுகிறது. எஞ்சிய நாளெல்லாம் வெயிலிலும் பனியிலும் நிற்கிறது. அதனால் அதன் டயர் தேய்ந்து அழிவதில்லை. நின்றபடியே மூப்படைந்து வெடிக்கிறது. மேலே வரிகள் புதுமை மாறாமல் இருக்கக் கண்டு பலர் ஏமாந்து போகின்றனர். அவ்வம்மையார் விலையைக் குறைத்துப் பேசி, மிச்சமான பணத்தில் இரண்டு புதிய டயர்கள் வாங்கினார். சக்கரப் பேரிங்குகளுக்குப் புதுக் கிரீசும் இடச் செய்தார்.

அடுத்து எடைக் கணக்கு வந்தது. அவர்கள் கார் 3,500 பவுண்டு வரை இழுக்கவல்லது. வெறும் வண்டி 1,600 பவுண்டு. 'இன்னும் எவ்வளவோ ஏற்றலாமே' என்று நண்பர் எண்ணினார். ஆயினும் கார் இழுப்பது ஒரு கணக்கு. வண்டியின் அச்சும் டயரும் தாங்குவது வேறொரு கணக்கு. இரண்டினுள் சிறியதே எல்லையாகும். ஒரு காலன் தண்ணீர் எட்டுப் பவுண்டுக்கு மேல் எடையுள்ளது. இருபது காலன் தொட்டியை நிரப்பினால் 165 பவுண்டுக்கு மேல் ஏறிவிடும். தங்குமிடத்தில் குழாய் இருக்கும்போது தண்ணீரைச் சுமந்து செல்வானேன்? தொட்டியை வெறுமையாகவே விட்டனர்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். கூடார வண்டிக்கும் அதுவே நியதி. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை அதன் முன்தண்டின் வழியாகக் காரின்மேல் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால் விரைந்து செல்லும்போது வண்டி பாம்புபோல நெளியத் தொடங்கும். நெளிவு மிகுந்தால் காரையும் தன்னோடு புரட்டிவிடும். பொருள்களை ஏற்றியபின் எங்கள் வண்டி ஏறத்தாழ 2,000 பவுண்டு இருந்தது. முன்தண்டை எடைக்கருவியின்மீது நிறுத்திப் பார்த்தோம். 170 பவுண்டுதான் காட்டிற்று. மிதிவண்டிகளும் விறகடுப்பும் வண்டியின் பின்புறம் இருந்தமையே காரணம். அவற்றை அச்சுக்கு முன்னே மாற்றியதும் 230 ஆயிற்று.

இளைய மகனுக்கு வயது பத்து. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கே முதலில் செல்ல வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். 1872-இல் ஏற்பட்ட அப்பூங்கா மிகத் தொலைவில் உள்ளது. அன்றியும், அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் என்னும் தங்குமிடத்தில் கித்தான் சுவருடைய வண்டிகளுக்கு இடமில்லை. கரடிகள் நடமாடும் இடம் அது. 'முதற்பயணம் அருகிலே அமையட்டும். மறந்த பொருளை வாங்கக் கடை இருக்கட்டும்' என்று தாயார் முடிவு செய்தார். அதற்கும் முற்பட்ட பயணம் ஒன்றிருந்தது. அது வீட்டின் பின்கட்டுக்குச் சென்ற பயணம்! ஓரிரவு முற்றத்திலேயே வண்டியை விரித்து அனைவரும் அதில் உறங்கினார்கள். மெத்தை மெல்லியது என்பதும், உள்விளக்கு ஒன்று எரியவில்லை என்பதும், தேநீர்க் கெண்டியை எடுத்துவைக்கவே இல்லை என்பதும் அன்றிரவு தெரிந்தன. மூத்த மகள் அவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். புறப்படும்போது பார்க்க வேண்டியவை, இறங்கியதும் செய்ய வேண்டியவை என ஒரு பட்டியலும் வரைந்து வைத்தாள்.

லடிங்டன் மாநிலப் பூங்காவில் இடம் கேட்டிருந்தோம். அங்கே ஆறு திங்களுக்கு முன்பே இடம் பதியலாம். ஆதலின் பனி பெய்துகொண்டிருந்த நாளிலேயே நண்பர் பதிந்துவிட்டிருந்தார். புறப்படும் காலையில் அவருக்குப் பொறுமை இல்லை. காரின் பின்னுள்ள இரும்பு உருண்டையின்மேல் வண்டியின் கிண்ணவாயைப் பொருத்தினார். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் தண்டின் கீழே குறுக்காக மாட்டினார். ஒருகால் இணைப்பு நழுவினாலும், தண்டு நிலத்தில் குத்தாமல் அச்சங்கிலிகள் தொட்டில்போல் தாங்கும். விளக்குக் கம்பியையும் செருகினார். "எல்லாம் ஆயிற்று, ஏறுங்கள்!" என்றார்.

மகள் ஏறவில்லை. குறிப்பேட்டை விரித்துக்கொண்டு வண்டியின் அருகே நின்றாள்.

"அப்பா, ஒவ்வொன்றையும் நான் படிக்கிறேன். நீங்கள் தொட்டுக் காட்டுங்கள்."

"எல்லாவற்றையும் நானே செய்தேன், அம்மா. நேரம் ஆகிறது."

"செய்ததைக் கேட்கவில்லை, அப்பா. தொட்டுக் காட்டச் சொல்கிறேன்."

நண்பர் சலிப்போடு இறங்கினார். சங்கிலி, கம்பி, முன் ஜாக்கி என ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். "தாழின் முளை" என்று மகள் படித்தாள். கிண்ணவாயை மூடும் தாழ் திறந்துகொள்ளாதபடி அதன் துளையில் ஓர் இரும்பு முளையைச் செருக வேண்டும். நண்பரின் விரல் துளையில் வெறுமையாக நின்றது. முளை, காரின் பின்தாங்கியின்மேல் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. முளையை எடுத்துச் செருகினார். பட்டியலை முதலிலிருந்து மறுபடியும் படிக்கச் சொன்னார்.

சாலையில் 160 மைல் சென்றோம். வண்டி டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 65 மைலே உச்ச வேகம். நண்பர் அறுபதைத் தாண்டவில்லை. முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் வழக்கத்தினும் இருமடங்கு இடைவெளி விட்டார். பின்னே ஒரு டன் எடை தள்ளிக்கொண்டு வரும்போது கார் நினைத்த இடத்தில் நிற்பதில்லை.

பூங்காவை அடைந்தபின் பெரிய சோதனை காத்திருந்தது. எங்களுக்குரிய இடத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். காரை வலப்புறம் திருப்பினால் வண்டி இடப்புறம் போகும். குட்டையான வண்டியாயின் நொடியில் மடங்கிக் காரை முட்டும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் பின்புறம் எப்பக்கம் போகவேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்துவது எளிய வழி. தாயார் பின்னே நின்று கைகாட்டினார். 'கண்ணாடியில் நான் தெரியாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்' என்று சொல்லியிருந்தார். நான்கு முறை முயன்றும் வண்டி ஒரு பைன் மரத்தையே நாடிற்று. அண்டை இடத்தினர் அடக்கிய புன்னகையோடு எழுந்து வந்தனர். வண்டியைக் காரிலிருந்து கழற்றிக் கையாலேயே தள்ளி இடத்தில் சேர்த்தோம். சமநிலத்தில் இச்சிறு வண்டியை நால்வர் தள்ளிவிடலாம். பெருவண்டிக்காரர்க்கு இந்த வசதி ஏது?

அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தன. ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்திருந்த சக்கரத்தின் கீழே பலகை இட்டோம். இரு சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை கொடுத்தோம். முன் ஜாக்கியால் முன்பின் மட்டம் சரிசெய்து, நான்கு ஊன்றுகால்களையும் இறக்கினோம். இவ்வூன்றுகால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கே. வண்டியைத் தூக்குவதற்கு அல்ல. கைப்பிடியைச் சுழற்றும் உரிமை இளையவனுக்குக் கிடைத்தது. கூரை எழுந்தது. படுக்கையை இழுத்தவுடன் அவன் அதன்மேல் தாவப் பார்த்தான்; தாங்குகோல் பொருத்தும் முன் ஏறினால் படுக்கை முறிந்து விழும் என்று மகள் தடுத்துவிட்டாள்.

விறகு நாங்கள் கொண்டு செல்லவில்லை, அங்கேயே வாங்கினோம். அதற்குக் காரணம் உண்டு. ஆசியாவிலிருந்து எவ்வாறோ வந்து சேர்ந்த மரகத நிறச் சிறுவண்டு ஒன்று 2002-இல் டெட்ராயிட் நகரத்தருகே கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரங்களின் பட்டைக்கடியில் துளைத்துக் கோடிக்கணக்கான மரங்களை மாய்த்துவிட்டன. தானே பறந்தால் ஆண்டுக்குச் சில மைலே செல்லும் அவ்வண்டு, மக்கள் ஏற்றிச் சென்ற விறகோடு மாநிலம் விட்டு மாநிலம் சென்றது.

மறுநாள் ஏறத்தாழ இரண்டு மைல் நடந்து பிக் சேபிள் முனைக் கலங்கரை விளக்கத்தைக் கண்டோம். கறுப்பும் வெள்ளையுமான அக்கோபுரம் 112 அடி உயரம். 1867 முதல் நிற்கிறது. செங்கல் சிதையத் தொடங்கியபோது எஃகுத் தகடுகளால் அதனைப் போர்த்தி வைத்திருக்கின்றனர். எதிரே மிச்சிகன் ஏரி கடல்போல் கரைகாணாது கிடந்தது.

அன்றிரவு ஏரிக்காற்று குளிர்ந்து வீசிற்று. வண்டியிலிருந்த பழைய கணப்பை எவரும் சோதித்துப் பார்க்கவில்லையாதலால் அதனை ஏற்றலாகாது எனத் தாயார் முன்பே சொல்லிவிட்டார். "அப்படியானால் சமையல் அடுப்பையாவது எரியவிடலாமே, அம்மா!" என்றான் இளையவன், போர்வைக்குள் நடுங்கியபடி.

தாயார் எழுந்து உட்கார்ந்தார். "எரிவாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், நாம் அறிவதற்காகவே அதில் நாற்றப்பொருள் கலக்கிறார்கள். ஆனால் மூடிய இடத்தில் அடுப்பு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உண்டாகலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவரை அது எழுப்புவதில்லை, கண்ணே" என்றார். சுவரிலிருந்த எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தினார், அது வீறிட்டது. பிறகு சாளரம் ஒன்றைச் சிறிதே திறந்து வைத்தார். குளிரில் சாளரத்தைத் திறப்பதா என்று நான் வியந்தேன். ஐவரின் மூச்சு வெளியேற வழியில்லாவிடில் கித்தானில் நீராகப் படிந்து விடியுமுன் எங்கள்மேலேயே சொட்டும் என்றார். அவனைத் தம் போர்வைக்குள் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடியலில் மழை பிடித்தது. பருத்திக் கித்தான் நனையும்போது அதன் நூல் பருத்துத் துளைகளை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து விரலால் தொட்டால் மட்டும் தொட்ட இடத்தில் நீர் கசியும். இளையவன் அதனைத் தொட்டுப் பார்த்துத் தன் தலையணையை நனைத்துக்கொண்டான். மழை நிற்கவில்லை, இடத்தைக் காலிசெய்யும் நேரமோ நெருங்கிற்று. வேறு வழியின்றி ஈரத்தோடு மடக்கினோம். கூரை இறங்குகையில் கித்தான் இடுக்கில் அகப்பட்டுக் கிழியாதபடி நாற்புறமும் நின்று உள்ளே தள்ளினோம்.

வீடு சேரும்போது மாலையாகிவிட்டது. அனைவருக்கும் அயர்ச்சி. ஆயினும் ஈரக் கித்தானை இரண்டொரு நாள் மூடி வைத்தால் கரும்பூசணம் பற்றும். பற்றிய கறை பின்னர் நீங்காது. ஆகவே முற்றத்தில் வண்டியை மறுபடியும் விரித்தோம். மேகம் விலகிக் காற்று வீசத் தொடங்கியது. மகள் படியில் அமர்ந்து, குறிப்பேட்டில் 'கணப்பு - சோதிக்க' என்றும், 'அப்பாவுக்குப் பின்னோக்கி ஓட்டப் பயிற்சி' என்றும் எழுதினாள். இளையவனைக் காணவில்லை. உள்ளே பார்த்தோம், ஈரம் படாத படுக்கையில், காலணியைக்கூடக் கழற்றாமல் அவன் உறங்கிவிட்டிருந்தான்.